காற்று நிற்கவில்லை

சோபா தைக்கும் பட்டறையில் எல்லோருக்கும் அவள் தையலக்கா. அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ரெக்ஸினில் ஊசியைத் தப்பாக இறக்கினால் ஓட்டை விழுந்தது விழுந்ததுதான். துணி மாதிரி பிரித்துத் தைக்க முடியாது. அதனால் அவள் மெஷினில் உட்கார்ந்துவிட்டால் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். பேசாமலே இருந்து இருந்து, பேச வேண்டிய நேரத்திலும் அவளுக்கு வார்த்தை வராமல் போயிருந்தது.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிக் கட்டடங்களின் உச்சியில் இருக்கும் மோட்டார் அறைகளில்தான் அவருடைய பகல் போகும். லிஃப்டுக்குள் ஆள் சிக்கிக்கொண்டு கதவைத் தட்டிக் கத்தினாலும் பதற மாட்டார். "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே கயிற்றைப் பார்ப்பார். வீட்டில் எதற்கும் மறுப்புச் சொல்லாத மனிதர். மனைவி சொன்னால் சரி, அவ்வளவுதான். ஒரே மகள். கல்யாணமாகி நகரத்தின் மறுகோடிக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை. மகள் போன பிறகு அந்த இரண்டு அறை வீட்டில் பேச்சுச் சத்தம் என்பது தொலைக்காட்சியில் இருந்து வருவதுதான்.

அவள் அந்தக் கூட்டத்துக்குப் போனது உலகம் அழியப்போகிறது என்று நம்பி அல்ல. முதுகுவலிக்காகப் போனாள். பட்டறையில் ஸ்பாஞ்ச் வெட்டுகிறவள்தான் இழுத்துப் போனாள். மூச்சுப் பயிற்சி சொல்லித் தருகிறார்கள், முதுகுக்கு நல்லது, காசு கீசு கிடையாது, சும்மா வா என்றாள். டயர் கடைக்கு மேலே இருந்த ஒரு நீளமான கூடம். படியேறும்போதே ரப்பர் நாற்றம் மூக்கைத் துளைக்கும். உள்ளே நாற்பது பேர் போல தரையில் உட்கார்ந்து, கண்ணை மூடி, ஒன்றாக மூச்சை இழுத்து ஒன்றாக விட்டுக்கொண்டிருந்தார்கள். அவளும் போய் உட்கார்ந்தாள். முதுகுவலி போனதோ இல்லையோ, மகள் போன நாளில் இருந்து நெஞ்சுக்குள் அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அன்று இளகியது. பக்கத்தில் இருந்தவர் எழுந்து போகும்போது, நாளைக்கும் வருவீர்கள்தானே என்று கேட்டார். அவள் எங்கே வருவாள், போவாள் என்று யாரும் கேட்டுப் பல காலம் ஆகியிருந்தது.

கூட்டத்தை நடத்தியவரை எல்லோரும் வானிலைக்காரர் என்றார்கள். வானிலை அலுவலகத்தில் காற்றின் வேகத்தை அளந்து எழுதி வைப்பதே வேலையாக இருந்து ஓய்வு பெற்றவர். மெலிந்த உடம்பு, அதைவிட மெலிந்த குரல். அவர் மனைவி மூச்சுத் திணறல் நோயில் இறந்தவர். கடைசிவரை பக்கத்தில் உட்கார்ந்து விசிறியவர் அவர்தான். அதற்குப் பிறகுதான் அவருக்குக் காற்றைப் பற்றிய அந்த எண்ணம் வந்தது. உலகத்துக் காற்று வருஷத்துக்கு வருஷம் தளர்ந்துகொண்டே வருகிறது, ஒரு நாள் அடியோடு நின்றுவிடும், தேங்கிய தண்ணீர் மாதிரி காற்றும் அழுகும், மெதுவாக மூச்சுவிடக் கற்றவர்கள் மட்டும் ஒன்றாக உட்கார்ந்து அதைக் கடந்துவிடலாம் என்றார். கோடை முடிகிற மாதத்தில் ஒரு மதியத்தை அதற்கான வேளையாகச் சொன்னார்.

அவர் யாரிடமும் ஒரு காசு வாங்கியதில்லை. வாங்கியிருந்தால் மகளுக்குத் திட்டவாவது வசதியாக இருந்திருக்கும்.

தையலக்கா கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனாள். கூடத்து ஜன்னல்களுக்குக் கனத்த திரைகள் வேண்டும் என்றார்கள், தைத்துக் கொடுத்தாள். அன்று எல்லோரும் போட்டுக்கொள்ள வெள்ளைச் சட்டைகள் வேண்டும் என்றார்கள். ஒவ்வொருவரையும் நிற்கவைத்து அளவெடுத்தாள். கழுத்தையும் தோளையும் அளக்கும்போது ஒவ்வொருவரும் தன் கதையைச் சொன்னார்கள். பட்டறையில் அவள் தைத்த சோபாக்களில் யார் உட்காருகிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. இங்கே தைத்ததைப் போட்டுக்கொண்டு ஆட்கள் அவள் கண் முன்னால் நின்றார்கள். கணவரையும் கூட்டிப் போனாள். அவர் வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து, பாதி நேரம் தூங்கினார். அதற்கும் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

அந்த வருஷம்தான் அவருக்கு வயிற்றுவலி வந்தது. பரிசோதனை எல்லாம் செய்து பார்த்துவிட்டு, குடலில் சின்னதாக ஒரு கட்டி இருக்கிறது, இப்போதே எடுத்துவிட்டால் பயமில்லை, தள்ளிப்போடாதீர்கள் என்றார் டாக்டர். லிஃப்டின் தலைமேல் ஏறி இருட்டுக் குழிக்குள் இறங்குகிற மனிதருக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலைக் கண்டால் கை கால் ஆடும். அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

அவள் வானிலைக்காரரைப் போய்க் கேட்டாள்.

"அது உங்க குடும்ப விஷயம்மா. நான் சொல்லக் கூடாது. ஆனா ஆபரேஷன்ல மெஷின் வெச்சு மூச்சு விட்ட உடம்பு அன்னைக்குத் தாங்குமான்னு எனக்குத் தெரியல."

அவ்வளவுதான் சொன்னார். அது போதுமானதாக இருந்தது. அந்த மதியம் தாண்டட்டும், தாண்டிய பிறகு கட்டியும் இருக்காது, கவலையும் இருக்காது என்று கணவரிடம் சொன்னாள். அவர் முகத்தில் நிம்மதி படர்ந்ததைப் பார்த்தாள். பயந்தவனுக்கு ஒரு சாக்குக் கிடைத்தால் எப்படி இருக்கும், அப்படி.

விஷயம் தெரிந்து மகள் ஓடி வந்தாள். வந்தவள் உட்காரவே இல்லை. கத்தினாள், அழுதாள், அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"உலகம் அழியறதா இருந்தா அழியட்டும்மா. அப்பா ஆபரேஷன் பண்ணிக்கிட்டு அழியட்டும். உனக்கு அதுல என்ன நஷ்டம்?"

தையலக்காவுக்குக் கோபம்தான் வந்தது. உனக்கு இதெல்லாம் புரியாது, உன் வேலையைப் பார் என்றாள். மகள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனவள்தான், பிறகு அப்பாவுக்கு மட்டும் போன் செய்தாள்.

நாள் நெருங்க நெருங்க அவள் வீட்டைக் காலி செய்தாள். இனி எதற்கு என்று மிக்ஸியை மாடி வீட்டுக்குக் கொடுத்தாள். நல்ல போர்வைகளை எதிர்வீட்டுக்குக் கொடுத்தாள். சொந்தத் தையல் மெஷினைக்கூட ஒருத்திக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். பட்டறைக்குப் போய் வேலையை விடுவதாகச் சொன்னபோது முதலாளி, வேறு இடத்தில் கூடக் கொடுக்கிறார்களா என்று கேட்டார். ஸ்பாஞ்ச் வெட்டுகிறவள் மட்டும் வேலையை விடவில்லை. அன்றைக்கு அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தாள்.

அந்த மதியம் கூடம் வெந்துகொண்டிருந்தது. மின்விசிறிகளை நிறுத்திவிட்டார்கள். ஜன்னல்களைச் சாத்தி, திரைகளை இறக்கி, ஓரங்களை ஒட்டுப்பட்டையால் ஒட்டி, கதவிடுக்கில் ஈரத்துணி திணித்திருந்தார்கள். வெள்ளைச் சட்டைகள் நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டன. கீழே டயர் கடையில் வழக்கம்போல வேலை நடந்தது. சுத்தியல் அடி, நடுநடுவே காற்றுப் பம்பு புஸ் என்று சீறும் சத்தம். சொன்ன வேளை வந்தது. எல்லோரும் மூச்சை மெதுவாக்கினார்கள். லிஃப்ட்காரர் ஒரு கையால் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அன்று அவர் தூங்கவில்லை.

வேளை தாண்டியது. யாரும் அசையவில்லை. இன்னும் தாண்டியது. அப்போது தெருப்பக்கத்து ஜன்னலில் ஒட்டியிருந்த பட்டை புழுக்கத்தில் விட்டுப்போய், திரையின் ஒரு மூலை உள்ளே உப்பியது. உப்பி, அடங்கி, மறுபடி உப்பியது. வெளியே நல்ல காற்று. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். கீழே யாரோ தங்களுக்குள் ஏதோ பேசிச் சிரித்தார்கள். அது இவர்களைப் பார்த்துச் சிரித்த மாதிரியே இருந்தது. ஒரு வயதானவர் குலுங்க ஆரம்பித்தார். ஸ்பாஞ்ச் வெட்டுகிறவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

வானிலைக்காரர் எழுந்து போய் அந்தத் திரையின்மேல் உள்ளங்கையை வைத்தார். நோயாளியின் நெற்றியில் கை வைக்கிற மாதிரி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். திரும்பியபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"நான் போட்ட கணக்குல..." என்று ஆரம்பித்தார். "நான் வந்து... உங்ககிட்ட எல்லாம்..."

அடுத்து என்ன வரும் என்று தையலக்காவுக்குத் தெரிந்துவிட்டது. அந்த மனிதர் தப்பாகிவிட்டது என்று சொல்லப்போகிறார். சொன்ன மாத்திரத்தில் எல்லோரும் எழுந்து சட்டையைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அவள் எங்கே போவாள்? மிக்ஸி இல்லாத, மெஷின் இல்லாத, மகள் வராத வீட்டுக்கு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற இந்த மனிதரை, வெறும் முட்டாள்தனத்துக்காக ஆஸ்பத்திரிக்கு அனுப்பாமல் வைத்திருந்தவளாக அந்த வீட்டுக்குள் நுழைய வேண்டும். அதை நினைத்த உடனே அவள் நாக்கு அவளைக் கேட்காமல் புரண்டது.

"நின்னுச்சு," என்றாள். "காத்து நின்னுச்சு. நான் அந்தத் திரையைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். நின்னுட்டு, மறுபடி கிளம்புச்சு. நம்ம மூச்சுதான் அதைத் தள்ளிவிட்டுச்சு."

கூடம் முழுவதும் அவளைத் திரும்பிப் பார்த்தது. பேசத் தெரியாதவள் என்று பெயர் எடுத்தவள். பிறகு முன்வரிசையில் ஒருவர், ஆமாம், காது அடைத்துக்கொண்டதே, அப்போதுதான் என்றார். இன்னொருவருக்கு நெஞ்சு இறுகியதாம். குலுங்கிக்கொண்டிருந்த வயதானவர் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒவ்வொருவராக எல்லோருக்கும் காற்று நின்றிருந்தது. வானிலைக்காரர் திரையைப் பிடித்தபடியே நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். முடிக்காமல் விட்ட வாக்கியத்தை அவர் முடிக்கவே இல்லை.

வீட்டுக்கு நடந்து போகும்போது சாலையோர மரங்கள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தன. ஒரு தெருவைத் தாண்டியதும் லிஃப்ட்காரர் மெதுவாகக் கேட்டார்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போலாமா?"

"கொஞ்சம் பொறுங்க," என்றாள் அவள். "இப்பதான் எல்லார் முன்னாடியும் அப்படிச் சொன்னேன். மறுநாளே ஆஸ்பத்திரிக்கு ஓடினா என்ன நினைப்பாங்க?"

அவர் சரி என்றார்.

அதற்குப் பிறகு அந்தக் கூட்டம் வேறு மாதிரி ஆகிவிட்டது. முன்பெல்லாம் அவர்கள் யாரையும் கூப்பிட்டதில்லை; வந்தால் வா, போனால் போ. இப்போதோ உலகத்தையே காப்பாற்றியவர்கள் ஆயிற்றே. பேருந்து நிறுத்தங்களில் நின்று காகிதம் கொடுத்தார்கள். கேட்காதவர்களிடமும் சொன்னார்கள். நான்கு பேர் நம்பினால் தாங்களும் நம்பலாம் என்பதுபோல ஆள் சேர்த்தார்கள். தையலக்கா மாடி வீட்டுக்காரியிடம் மிக்ஸியைத் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டால் கொடுத்திருப்பாள், ஆனால் கேட்பது என்பது ஒன்றை ஒப்புக்கொள்வது. அம்மிக்கல் மாதிரி ஏதோ ஒன்றை நெஞ்சில் வைத்துக்கொண்டு கையாலேயே எல்லாவற்றையும் நசுக்கிச் சமைத்தாள். முதலாளி மட்டும், எங்கேயும் கூடக் கொடுக்கவில்லை போல என்று சொல்லி வேலைக்குத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்.

ஸ்பாஞ்ச் வெட்டுகிறவள் கூட்டத்தை அன்றோடு விட்டுவிட்டாள். மறுநாளே வழக்கம்போலப் பட்டறைக்கு வந்து கத்தியைத் தீட்டியவள், தையலக்கா வேலைக்குத் திரும்பிய அன்று சாப்பாட்டு நேரத்தில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"காத்து நிக்கலடி. நானும் அதைத்தானே பார்த்துக்கிட்டு இருந்தேன்."

"நீ அரை நாள் லீவு போட்டுட்டு வந்தவ," என்றாள் தையலக்கா. "உனக்கு எப்படித் தெரியும்?"

அந்தப் பேச்சோடு அவர்கள் நட்பும் முடிந்தது.

வாரங்கள் ஓடின. லிஃப்ட்காரருக்குப் பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டி வந்தது. மறுபடியும் ஆஸ்பத்திரிப் பேச்சை அவர் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. ஒரு நாள் வேலை செய்யும் இடத்தில் மோட்டார் அறையிலேயே சுருண்டு விழுந்துவிட்டார். கூட இருந்தவர்கள்தான் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்தார்கள். அதே டாக்டர். இவளைப் பார்த்ததும் கோப்பைப் புரட்டிவிட்டு, நான் அப்போதே சொன்னேனே என்று மட்டும் சொன்னார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். வயிறு முழுவதும் பரவியிருந்தது. மழைக்காலம் பிறந்ததும் அவர் போய்விட்டார். கடைசி நாட்களில் மகள்தான் இரவு பகலாகக் கூட இருந்தாள். அடக்கத்தின்போது தாயும் மகளும் குழியின் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள்.

கூட்டத்துக்கு இப்போது ஒரு சிக்கல். உலகத்தைக் காப்பாற்றிய மூச்சு ஓர் ஆளைக் காப்பாற்றவில்லையே. அதற்கும் வானிலைக்காரர் ஒரு வழி கண்டுபிடித்தார். அவள் திரும்பி வந்த முதல் நாள், எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று பேசினார்.

"அன்னைக்கு நாம தள்ளிவிட்ட முடிவு எங்கேயாவது போய்த்தானே ஆகணும்? அதை ஒரு மனுஷன் தன் உடம்புல வாங்கிக்கிட்டார். நமக்காக."

கூடமே அழுதது. அவளும் அழுதாள். ஆஸ்பத்திரியில் வராத அழுகை, குழிமேட்டில் வராத அழுகை அங்கே வந்தது. அந்த வார்த்தை வலி மாத்திரை மாதிரி உள்ளே இறங்கிக் கரைந்தது. அவர் வீணாகப் போகவில்லை. பெரிய காரியத்துக்காகப் போயிருக்கிறார். அவள் அதற்குக் கூட நின்றவள். அன்றிலிருந்து அவளுக்கு முன்னால் ஒரு நாற்காலி போட்டார்கள். மற்றவர்கள் எல்லாம் தரையில். தையலக்கா என்ற பெயர் போய் மூச்சம்மா ஆனாள். புதிதாக வருகிறவர்களை அவள் முன்னால் கொண்டுவந்து உட்காரவைப்பார்கள். காற்று நின்ற கதையை அவள் சொல்வாள். சொல்லச் சொல்ல மெருகேறியது. திரை நின்றது, பிறகு வெளியே பறவைச் சத்தமும் நின்றது, பிறகு வெளிச்சமே ஒரு மாதிரி மங்கியது. சில நாட்களில் அவளே அதைப் பார்த்த மாதிரிதான் இருந்தது. மகள் போனை எடுப்பதில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் மட்டும் அது உறைக்கவில்லை.

அடுத்த வருஷத்துக்கு வானிலைக்காரர் இன்னொரு நாள் குறித்தார். முதல் தடவை வந்தது வெறும் எச்சரிக்கையாம்.

அந்தச் சமயத்தில்தான் பேக்கரியில் வேலை செய்யும் ஒரு பெண் வந்து சேர்ந்தாள். சின்ன வயது, உடம்பெல்லாம் சுட்ட ரொட்டி வாசனை. அவள் கணவன் வீடு வீடாகப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை செய்கிறவன். அவனுக்கு இதயத்தில் ஒரு வால்வு சரியில்லை, சீக்கிரம் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அவள் நாற்காலியின் முன்னால் மண்டியிட்டு, செய்யலாமா, அந்த நாள் வரைக்கும் பொறுக்கலாமா, நீங்கள் சொன்னால் செய்கிறேன் என்று கேட்டாள். கூடமே காது கொடுத்தது. மூச்சம்மா அவள் தலையில் கை வைத்து, உன் மூச்சே உனக்குச் சொல்லும் என்றாள். இப்படியும் அப்படியும் ஆகாத ஒரு பதில். அந்தப் பெண்ணின் முகத்தில் நிம்மதி படர்ந்தது. அதே நிம்மதி. தன் புருஷன் முகத்தில் பார்த்தது. மூச்சம்மாவின் கை அந்தத் தலையின்மேலேயே விறைத்துப்போயிற்று.

வீட்டுக்குப் போய்ச் சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலை பட்டறைக்குப் போகாமல் பேக்கரிக்குப் போனாள். கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்று, பிறகு கண்ணாடி அலமாரிக்குப் பக்கத்தில் போய்த் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"உன் வீட்டுக்காரரை இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. எதுக்காகவும் பொறுக்காத."

அந்தப் பெண் சிரித்தாள். "என்னைச் சோதிச்சுப் பார்க்கறீங்களா அம்மா?"

"சோதிக்கல. அன்னைக்குக் காத்து நிக்கவே இல்ல. திரை அசைஞ்சுது. வானிலைக்காரர் ஏதோ சொல்ல வந்தார், நான்தான் முந்திக்கிட்டுப் பொய் சொன்னேன். வெளியே வந்ததும் எங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போலாமான்னு கேட்டார். நான் பொறுங்கன்னு சொன்னேன்."

அதை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அலமாரி விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பேக்கரிப் பெண்ணின் சிரிப்பு போய், முகம் மெல்ல மெல்லக் கல்லானது.

"நான் பயத்துல செத்துக்கிட்டு இருந்தேன். உங்களைப் பார்த்த பிறகுதான் கொஞ்சம் தைரியம் வந்துச்சு. இப்ப அதையும் பிடுங்கறீங்களே, நீங்க என்ன மனுஷி?"

வாடிக்கையாளர் ஒருவர் வந்துவிட்டார். அந்தப் பெண் ரொட்டியைச் சுற்றிக் கொடுக்கத் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த கூட்டத்தில் மூச்சம்மா படியேறிப் போனபோது விஷயம் அவளுக்கு முன்னால் போயிருந்தது. நாற்காலி அங்கேதான் இருந்தது, ஆனால் யாரும் வழிவிடவில்லை. நீங்கள் சொன்னது உண்மையா என்று ஒருவர் கேட்டார். உண்மைதான், நான் சொன்னது பொய், காற்று நிற்கவில்லை என்றாள். வானிலைக்காரரைப் பார்த்தாள். அந்த ஒரு மனிதருக்காவது தெரியுமே. உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தவர் ஆயிற்றே. அவரும் அவளைப் பார்த்தார். அந்தக் கண்ணில் ஒரு தடுமாற்றம் இருந்தது. அது அடங்கியதும் வழக்கமான மெல்லிய குரலில் சொன்னார்.

"அம்மாவுக்குச் சந்தேகம் வந்துடுச்சு. நாம கோபப்படக் கூடாது."

கோபப்படக் கூடாது என்று அவர் சொன்னதும்தான் எல்லோருக்கும் கோபம் வந்தது. அளவெடுக்கும்போது கதை கதையாகச் சொன்னவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பின்வரிசையில் இருந்து ஒரு பெண்குரல், சந்தேகம் இப்போது வந்ததா, அப்போதே இருந்திருக்கும், அதனால்தான் அந்தப் புண்ணியவான் செத்தார் என்றது. பலர் தலையாட்டினார்கள். அது அவர்களுக்கு எவ்வளவு வசதியான விடை என்று அவளுக்கு அங்கே நிற்கும்போதே புரிந்தது. அப்படிப்பட்ட விடைகளைத் தைக்கச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தானே. நெரிசலில் வழி தேடி இறங்கி வந்தாள். கீழே டயர் கடைக்காரர் வழக்கம்போல, என்னம்மா சீக்கிரம் முடிஞ்சுடுச்சா என்று கேட்டார்.

நேரே மகள் வீட்டுக்குப் பேருந்து ஏறினாள். மகள் கதவைத் திறந்தாள், உள்ளே விட்டாள், தண்ணீர் கொடுத்தாள். கூட்டத்தை விட்டுவிட்டேன் என்றதும் அந்த முகம் இளகியது. பக்கத்தில் வந்து உட்கார்ந்து தோளில் கை போட்டாள். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒருமுறை வெளியே வந்துவிட்ட உண்மையைத் திரும்ப உள்ளே வைத்துக்கொண்டு இருக்க அவளால் முடியவில்லை. அன்று தெருவில் அப்பா கேட்டதையும் தான் சொன்னதையும் சொன்னாள்.

தோளில் இருந்த கை எழுந்துகொண்டது.

"அப்பா கேட்டாரா?" என்றாள் மகள். "அவருக்கும் இஷ்டமில்லைன்னுதானே நான் இவ்வளவு நாள் மனசைத் தேத்திக்கிட்டு இருந்தேன். ஏன்மா இதைச் சொன்ன?"

மகளும் தனக்கென்று ஒரு கதை தைத்து வைத்திருந்தாள். அதையும் தாய் பிரித்துவிட்டாள். மகள் சாப்பாடு போட்டாள்; பேருந்து நிறுத்தம்வரை வந்து ஏற்றிவிட்டாள். அதன்பிறகு மாதம் ஒருமுறை போன் வரும். உடம்பு எப்படி இருக்கிறது, மருந்து சாப்பிடுகிறாயா. மருந்துக் கடையில் கேட்கிற மாதிரி இருக்கும்.

பேக்கரிப் பெண்ணின் கணவன் பிழைத்துக்கொண்டான். அவனுடைய அம்மா ஊரைக் கூட்டிச் சண்டை போட்டு, அவனை இழுத்துப் போய் ஆபரேஷன் செய்ய வைத்துவிட்டாள். அதைக் கேள்விப்பட்டபோது தையலக்காவுக்கு அந்த வருஷத்தில் முதல் தடவையாக வயிறு குளிர்ந்தது. மனம் கேட்காமல் பேக்கரிப் பக்கம் போய் எட்டிப் பார்த்தாள். அந்தப் பெண் பூரித்துப்போயிருந்தாள். அவளுக்கு இவள்மேல் இப்போது கோபம்கூட இல்லை, இரக்கம்தான். ஆபரேஷன் எல்லாம் பேருக்குத்தான், கூடத்தில் எல்லோரும் விட்ட மூச்சுதான் அவரைக் காப்பாற்றியது என்றாள். அதைக் கூட்டத்தில் சொல்லச் சொன்னார்களாம். எழுந்து நின்று சொன்னாளாம். இப்போது நாற்காலியில் அவள்தான் உட்காருகிறாள். நீங்களும் நம்பியிருந்தால் உங்கள் ஐயா இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பார் என்று சொல்லி ஒரு பன்னைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். தையலக்கா அதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

இரண்டாவது குறித்த நாளும் வந்து போயிற்று. அன்று பலத்த காற்று. பட்டறைத் தகரக் கூரையே தடதடத்தது. கூட்டம் கலைந்திருக்கும் என்று ஸ்பாஞ்ச் வெட்டுகிறவள் யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள். கலையவில்லை. டயர் கடைக்காரர் படிகளை அகலமாக்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டார்கள்.

கொஞ்ச காலம் கழித்து ஒரு மதியம் வானிலைக்காரர் பட்டறை வாசலில் வந்து நின்றார். இன்னும் இளைத்திருந்தார். சட்டை அவள் தைத்ததுதான், காலர் நைந்துபோயிருந்தது. முதலாளி, சோபாவுக்கு வந்திருக்கிறாரா என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு அவளே ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டாள். ரெக்ஸின் சுருள்களுக்கு நடுவில் அவர் உட்கார்ந்து, மழை, வெயில் என்று ஏதேதோ பேசினார். பிறகு கையைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"அன்னைக்கு நீங்க வாயைத் திறக்காம இருந்திருந்தா, நான் சொல்லியிருப்பேம்மா. தப்பாயிடுச்சு, எல்லாரும் வீட்டுக்குப் போங்கன்னு. வார்த்தை நாக்கு நுனிவரைக்கும் வந்துடுச்சு."

"தெரியும்," என்றாள் அவள். "அதனாலதான் திறந்தேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். வாசலில் ஒரு வண்டி வந்து மரச்சட்டங்களை இறக்கிவிட்டுப் போனது.

"இப்பவும் சொல்லலாமே," என்றாள்.

"இப்ப இருநூறு பேர் இருக்காங்க. ஒருத்தர் வீட்டை வித்துட்டு வந்திருக்கார். ஒரு பொண்ணு கல்யாணத்தை நிறுத்திட்டு வந்திருக்கா. அவங்ககிட்ட போய் நான் என்னன்னு சொல்ல?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நீங்க வந்துடுங்கம்மா. ஒரு மன்னிப்புக் கேட்டா போதும், எல்லாரும் சேர்த்துக்குவாங்க. நான் பேசிடறேன். அங்க எனக்கும்... விஷயம் தெரிஞ்ச ஆள்னு யாரும் இல்ல," என்றார்.

படியேறிப் போவதையும், அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பதையும், யாரோ ஒருவர் நகர்ந்து இடம் கொடுப்பதையும் நினைத்துப் பார்த்தாள். புருஷன் வீணாகச் சாகவில்லை என்று மறுபடியும் யாராவது சொல்லக் கேட்பதை நினைத்துப் பார்த்தாள். எவ்வளவு நேரம் அப்படி நினைத்துக்கொண்டிருந்தாள் என்று உறைத்தபோது அவளுக்கே பயமாகிவிட்டது.

"வேலை கிடக்குது," என்றாள்.

அவர் இன்னும் சற்று உட்கார்ந்திருந்தார். பிறகு ஸ்டூலைத் தூக்கிச் சுவரோரம் வைத்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் தெருவில் இறங்கிப் போனார். அவள் எழுந்து போய்க் குடிக்கத் தண்ணீர் எடுத்தாள். மறுநாள் போக வேண்டிய ஒரு மூன்றிருக்கைச் சோபாவின் உறை பாதியில் கிடந்தது. மெஷினில் உட்கார்ந்து, நூலைக் கோத்து, அதைத் தைக்க ஆரம்பித்தாள்.